மறுவாழ்வு மருத்துவத்திலிருந்து வலி மருத்துவத்துக்கு: அமெரிக்கப் பயிற்சியின் ஐந்தாம் ஆண்டு

அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவ நிபுணராவதற்கு மருத்துவப் பட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டு ரெசிடென்சி முடிக்க வேண்டும். முதல் ஆண்டு பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற அடிப்படைத் துறைகளில் கழிகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பக்கவாதம், தண்டுவடக் காயம், மூளைக் காயம், கை கால் இழப்பு, முதுகுவலி, மூட்டு நோய் என்று நடமாட்டத்தையும் அன்றாட வேலையையும் குலைக்கும் எல்லாவற்றையும் அவர் பார்க்கிறார். இப்படிப் பயின்றவருக்கு அங்கே பிசியாட்ரிஸ்ட் என்று பெயர். சைக்கியாட்ரிஸ்ட் என்ற சொல்லோடு குழப்பி, அவரை மனநல மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு வருகிற நோயாளிகள் இன்றும் உண்டு. இவர் வலி மருத்துவத்தில் தனிச் சான்றிதழ் பெற விரும்பினால் ஐந்தாவதாக ஓர் ஆண்டு, 12 மாத ஃபெலோஷிப், தேவைப்படுகிறது. ஏ.சி.ஜி.எம்.இ. என்னும் பயிற்சி அங்கீகார அமைப்பின் ஏற்பு பெற்ற மருத்துவமனையில் அந்த ஆண்டைக் கழித்தவருக்கே சான்றிதழ்த் தேர்வு எழுதும் தகுதி கிடைக்கிறது.

இரு துறைகளும் இரண்டாம் உலகப் போரையொட்டி உருப்பெற்றவை. ஃப்ராங்க் க்ரூசன் காசநோயால் சானடோரியத்தில் படுத்திருந்தபோது, நோய் குறைந்த பிறகும் படுக்கையே மனிதரை எப்படிச் சோர்வடைய வைக்கிறது என்று கண்டு இந்தப் பக்கம் திரும்பியவர். 1936இல் மேயோ கிளினிக்கில் இத்துறைக்கான மூன்றாண்டுப் பயிற்சியை அவர் தொடங்கினார். போர்க்காலத்தில் விமானப்படை மருத்துவராக இருந்த ஹோவர்ட் ரஸ்க், காயம்பட்ட வீரர்களைப் படுக்கையில் விட்டுவைக்காமல் வேலைக்கும் வீட்டுக்கும் தயார்செய்து அனுப்பும் முறையை வளர்த்து, பின்னர் நியூயார்க்கில் அதற்கென ஒரு நிறுவனம் அமைத்தார். 1947இல் இத்துறைக்கெனத் தனித் தேர்வு வாரியம் ஏற்பட்டது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், ரஸ்கின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பித்தான் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது 1966இல்.

வலி மருத்துவத்தின் தொடக்கம் ஜான் பொனிக்காவிடம். சிசிலியில் பிறந்து, தொழில்முறை மல்யுத்தத்தில் சம்பாதித்து மருத்துவம் படித்த மயக்கவியல் மருத்துவர் அவர். 1944இல் வாஷிங்டன் மாநிலத்து மாடிகன் ராணுவ மருத்துவமனையில் மயக்கவியல் பொறுப்பேற்றபோது, புண் ஆறியும் வலி ஆறாத வீரர்கள் அவர் முன் வந்து நின்றார்கள். நரம்பை மரக்கச் செய்யும் ஊசி சிலருக்குப் போதவில்லை. ஒரே நோயாளியை நரம்பியல், எலும்பியல், மனநலம் ஆகிய துறையினர் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1953இல் வெளிவந்த அவருடைய பெருநூலும், 1960க்குப் பின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த பல்துறை வலி மருத்துவமனையும் இத்துறைக்கு அடித்தளம். தீராத மூட்டு வலி அவருக்கே கடைசிவரை இருந்தது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பெயர் வில்பர்ட் ஃபோர்டைஸ். உளவியலாளரான இவர் பணியாற்றியது அதே பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவத் துறையில். வலி வந்தபோதெல்லாம் மாத்திரை, வலி வந்தபோதெல்லாம் ஓய்வு என்று கொடுத்தால், வலியைக் காட்டும் நடத்தை நோயாளியிடம் வலுப்பட்டுப் பழக்கமாகிறது என்பது அவர் கண்டது. மாத்திரையை வலியின்படி கொடுக்காமல் கடிகாரத்தின்படி கொடு. உடற்பயிற்சியை வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தாமல், முன்னரே வகுத்த எண்ணிக்கையில் நிறுத்து. பிறகு அந்த எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டு. 1976இல் இம்முறைகளை அவர் நூலாக்கினார். நாட்பட்ட வலிக்கு இன்று உலகெங்கும் நடத்தப்படும் செயல்மீட்புத் திட்டங்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவர் வலித் துறைக்குள் பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளி என்ற பேச்சு சரியல்ல.

ஆனால் சான்றிதழ் என்ற கதவு மயக்கவியலாரின் கையில்தான் முதலில் இருந்தது. 1993இல் வலிக்கான முதல் துணைச்சிறப்புத் தேர்வை நடத்தியது அமெரிக்க மயக்கவியல் வாரியம். மறுவாழ்வு மருத்துவ வாரியமும், நரம்பியல் மற்றும் மனநல வாரியமும் 1998இல் இந்த ஏற்பாட்டில் இணைந்தன. அதன் பின் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். சான்றிதழை மட்டும் அவரவர் தாய்வாரியம் வழங்குகிறது. தொடக்க ஆண்டுகளில் அனுபவத்தைக் காட்டியே தேர்வு எழுத இடமிருந்தது. அந்தச் சலுகை முடிந்ததும் ஃபெலோஷிப் கட்டாயமாயிற்று. 2007இல் ஏ.சி.ஜி.எம்.இ. விதிகளைத் திருத்தி, மயக்கவியல், நரம்பியல், மனநலம், மறுவாழ்வு மருத்துவம் ஆகிய நான்கின் அடிப்படையையும் ஒவ்வொரு பயிற்சியாளரும் தொட வேண்டும் என்றது. அந்த விதிகளில் 15 என்ற எண் திரும்பத் திரும்ப வரும்: 15 பேருக்குச் சிரை ஊசி, 15 பேருக்கு முகமூடி வழிச் சுவாசம், 15 பேருக்கு மூச்சுக்குழாய், 15 பேருக்கு முழுமையான மனநிலைப் பரிசோதனை. மயக்கவியலிலிருந்து வருபவருக்கு முதல் மூன்றும் பழகிப்போன வேலை. மறுவாழ்வு மருத்துவருக்கு அவைதான் முதல் மாதத்துக் கலக்கம். மனநிலைப் பரிசோதனையின்போது நிலைமை தலைகீழாவதும் உண்டு.

ரெசிடென்சியிலிருந்து மறுவாழ்வு மருத்துவர் கொண்டுவரும் சரக்கு குறைவானதல்ல. நான்காண்டுக்குள் குறைந்தது 200 நரம்பு மின்பரிசோதனைகளில், ஈ.எம்.ஜி. என்று சொல்லப்படுபவற்றில், அவர் பங்கேற்றிருக்க வேண்டும். காலில் எரிச்சலோடு வருகிறவரின் கோளாறு முதுகிலிருந்து கிளம்பும் நரம்பு வேரிலா, முழங்காலுக்கு வெளிப்புறம் அழுந்தும் நரம்பிலா, சர்க்கரை நோய் அரித்த நுனி நரம்புகளிலா என்று பிரித்துச் சொல்லும் திறன் இதிலிருந்து வருகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டு பிதுங்கியிருப்பது தெரியும். அந்தப் பிதுக்கம்தான் வலிக்குக் காரணம் என்பது தெரியாது. வலியே இல்லாத நடுத்தர வயதினரில் பலருக்கும் அப்படிப்பட்ட பிதுக்கம் இருக்கும். கையால் தொட்டு, நடக்கவிட்டு, குனியவைத்து, தசை வலுவை அளந்து பார்க்கும் பரிசோதனை இல்லாமல் படத்தை மட்டும் நம்பி ஊசி போடுவதே இத்துறையின் பழைய நோய்.

தசை இறுக்கத்துக்கு போட்டுலினம் ஊசி, தண்டுவட நீருக்குள் பாக்லோஃபென் செலுத்தும் பம்ப் ஆகியவையும் அவருக்குப் புதியவை அல்ல. வயிற்றுத் தோலுக்குள் பொருத்தப்படும் அந்த பம்ப், மருந்தை மாற்றினால் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் செலுத்தும் கருவியாகிவிடும். கால் இழந்தவருக்கு இல்லாத காலில் வலிப்பதையும் தண்டுவடக் காயத்துக்குப் பின் உணர்வற்ற பகுதியில் எரிவதையும் வார்டில் நாள்தோறும் கண்டவர் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர், செவிலியர் ஆகியோரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறது. நோயாளியிடம் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை படி ஏறுகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்களா என்றும் கேட்கத் தெரிந்தவர்.

குறைகளும் அதே அளவு வெளிப்படை. அறுவை முடிந்த முதல் சில நாள் கடும் வலியை நரம்புக் குழாய்கள் மூலம் கட்டுப்படுத்துவது, கணையப் புற்றுநோயில் வயிற்றின் ஆழத்து நரம்புப் பின்னலைச் செயலிழக்கச் செய்வது, கழுத்தில் ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சுக்கு ஊசி போடுவது, மயக்க மருந்து கொடுத்த நோயாளியின் மூச்சு நின்றால் அந்த நிமிடத்தைச் சமாளிப்பது ஆகியவற்றில் ரெசிடென்சி தரும் பழக்கம் மிகக் குறைவு. ஐந்தாம் ஆண்டை இவற்றுக்காகச் செலவிடுவதே அறிவுடைமை. முதுகுக்கு எபிடூரல் ஊசி போடுவதை மட்டும் நூற்றுக்கணக்கில் செய்துவிட்டு வெளியே வருபவர், பாதிப் பாடத்தோடு வருகிறார்.

எபிடூரல் ஊசி என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அதில் மூன்று வழிகள் உண்டு: முதுகெலும்பு வளைவுகளுக்கு இடையே நேராக, வால் எலும்புக்கு அருகில் கீழிருந்து, நரம்பு வேர் வெளியேறும் பக்கத்துத் துளை வழியாக. மூன்றாவது வழியில் மருந்து வீங்கிய வேரின் அருகிலேயே சேரும். ஆபத்தும் அங்கேதான். அந்தத் துளை வழியாகவே தண்டுவடத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் சில நுழைகின்றன. அவற்றில் பெரியதான ஆடம்கீவிச் தமனி பெரும்பாலும் இடப்பக்கம், மார்புப் பகுதியின் அடிப்பாகத்துக்கும் இடுப்பின் மேற்பகுதிக்கும் நடுவே இருக்கும். துகள்கள் கலந்த ஸ்டீராய்டு தவறி அதற்குள் போனால் இரத்த ஓட்டம் அடைபட்டு, நடந்து வந்த நோயாளி நடக்க முடியாமல் போகலாம். கழுத்தில் இதே தவறு மூளையைத் தாக்கும். அதனால்தான் சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே சாயத்தைச் செலுத்தி, அது இரத்தக் குழாயில் ஓடி மறைகிறதா, நரம்பைச் சுற்றித் தங்குகிறதா என்று பார்த்த பிறகே மருந்து போகிறது. கழுத்தில் பக்கவழி ஊசி போடுவோர் துகளற்ற டெக்சாமெத்தசோனுக்கு மாறியதன் காரணமும் இதுவே. எபிடூரல் ஸ்டீராய்டால் அரிதாகக் கடும் நரம்புப் பாதிப்பு நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. இரண்டாண்டு முன்னர், 2012இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து மருந்துத் தயாரிப்புக் கூடம் ஒன்றிலிருந்து போன ஸ்டீராய்டு குப்பிகளில் பூஞ்சை கலந்திருந்து 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கை சுத்தமாக இருந்தும் குப்பி சுத்தமாக இல்லாத நிகழ்வு அது.

மற்ற செய்முறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதுகெலும்பின் சிறுமூட்டுகளுக்குப் போகும் நுண்நரம்பை முதலில் மரக்கச் செய்து பார்த்து, வலி தற்காலிகமாகக் குறைந்தால் ரேடியோ அலை வெப்பத்தால் அதைப் பொசுக்குவார்கள். நரம்பு மறுபடி வளரும். மாதங்கள் கழித்துத் திரும்பச் செய்ய நேரும். தண்டுவடத்தின் பின்புறம் மெல்லிய மின்கம்பிகளை வைத்து வலியுணர்வை மாற்றும் முறையை 1967இல் நார்மன் ஷீலி முதன்முதலில் மனிதரிடம் செய்தார். வலிச் செய்தியைத் தண்டுவடமே கதவுபோல் தடுக்கவோ விடவோ செய்கிறது என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கதவுக் கோட்பாட்டிலிருந்து நேராகப் பிறந்த சிகிச்சை இது. முதலில் சில நாள் வெளியே தொங்கும் கம்பியோடு சோதனை. பலன் தெரிந்தால் மட்டும் மின்கலத்தைத் தோலுக்குள் புதைப்பார்கள்.

விண்ணப்ப வேலை ரெசிடென்சியின் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. பயிற்சி தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் முன்பே மின்வழி விண்ணப்பம் போக வேண்டும். நேர்காணல்கள் அதன் பின். முடிவை என்.ஆர்.எம்.பி. என்னும் தேசியப் பொருத்தல் அமைப்பு அறிவிக்கும். விண்ணப்பதாரர் தம் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகள் தங்கள் விருப்ப வரிசையையும் தனித்தனியே கொடுக்க, கணினி இரண்டையும் பொருத்துகிறது. இந்தக் கணக்குமுறையின் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் லாய்ட் ஷேப்லி, ஆல்வின் ராத் ஆகியோருக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. விண்ணப்பதாரர் சூழ்ச்சி செய்து பயனில்லாத வகையில் அது அமைக்கப்பட்டிருக்கிறது. உண்மையாக விரும்பும் வரிசையை எழுதுவதே அவருக்கு நல்லது; யார் தன்னை எடுப்பார்கள் என்று யூகித்து வரிசையை மாற்றுவது வீண்.

நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபெலோஷிப்கள் இருந்தாலும் பெரும்பாலானவை மயக்கவியல் துறைகளின் கீழ் இயங்குகின்றன. தங்கள் துறை மாணவரைத் தெரிந்திருப்பதும் தெரிந்தவரை எடுப்பதும் இயல்பு. ஆகவே மறுவாழ்வு மருத்துவ மாணவர் தம் மருத்துவமனையின் வலிப் பிரிவில் மூன்றாம் ஆண்டுக்குள்ளாகவே சுழற்சி முடித்து, அங்குள்ள மயக்கவியலார் ஒருவரிடமாவது பரிந்துரைக் கடிதம் பெறுவது அவசியமாகிறது. முதல் ஆண்டின் விருப்பக் காலங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவையும் மயக்கவியலையும் தேர்ந்தெடுத்தவருக்கு ஐந்தாம் ஆண்டின் முதல் மாதம் சற்று இலகுவாக இருக்கும். அண்மை ஆண்டுகளில் அறுவை அரங்கின் சம்பளம் உயர்ந்ததால் மயக்கவியல் மாணவர்களின் வரத்து குறைந்திருக்கிறது. மறுவாழ்வு மருத்துவர்களுக்கு முன்னைவிட எளிதாக இடம் கிடைக்கிறது. இது நிலைக்குமா என்பது சந்தையைப் பொறுத்தது. அதை நம்பித் தயாரிப்பைக் குறைத்துக்கொள்வது நல்லதல்ல.

வேறு வழிகளும் இருக்கின்றன. முதுகெலும்பு மற்றும் தசை எலும்புச் செய்முறைகளுக்கென்று ஏ.சி.ஜி.எம்.இ. ஏற்பு இல்லாத ஓராண்டுப் பயிற்சிகள் உண்டு. வட அமெரிக்க முதுகெலும்புச் சங்கம் அவற்றில் சிலவற்றுக்குத் தன் அங்கீகாரத்தை வழங்குகிறது. முதுகு ஊசியிலும் மூட்டு ஊசியிலும் அங்கே கிடைக்கும் பயிற்சி சில நேரம் வலி ஃபெலோஷிப்பையும் மிஞ்சும். ஆனால் வலி மருத்துவச் சான்றிதழ் கிடைக்காது. சில மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தச் சான்றிதழைக் கேட்கின்றன. விளையாட்டு மருத்துவ ஃபெலோஷிப் அல்ட்ராசவுண்டை நன்றாகக் கற்றுத்தரும். எக்ஸ்ரே வழி முதுகுச் செய்முறைகள் இடத்துக்கு இடம் மாறும். எந்த ஃபெலோஷிப்பும் செய்யாமல் எளிய ஊசிகளோடு பொது மறுவாழ்வு மருத்துவம் பார்ப்பவர்களும் ஏராளம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தேர்வை விளக்க முடியாது. அமெரிக்கக் கட்டண முறை நோயாளியோடு முக்கால் மணி நேரம் பேசுவதைவிடக் கால் மணி நேரத்தில் போடும் ஊசிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. பொனிக்காவும் ஃபோர்டைஸும் வகுத்த வழியில் எழுந்த பல்துறை மருத்துவமனைகள் பல, காப்பீடு உரிய கட்டணம் தராததால் மூடப்பட்டன. ஊசி மட்டும் போடும் மையங்கள் பெருகின. மறுபக்கம், 1996இல் ஆக்சிகோன்டின் சந்தைக்கு வந்தபின் பெருகிய அபினி வகை மருந்துச் சீட்டுகள் ஒரு தேசியப் பேரிடருக்கு வழிவிட்டன. 2016இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதலை விதியாக எடுத்துக்கொண்ட சிலர், பல ஆண்டுகளாக மருந்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினார்கள். அந்தத் தீங்கைக் கண்டு 2022இல் மையம் தன் வாசகத்தைத் தளர்த்தியது. இன்றைய ஃபெலோ கற்க வேண்டியவற்றில், இந்த மருந்துகளை மெல்லக் குறைக்கும் கலையும், அடிமைப்பட்டவருக்கு பியூப்ரெனார்ஃபின் கொடுப்பதும் ஊசிக்குச் சமமான இடம் பெறுகின்றன. பெற வேண்டும் என்று சொல்வதுதான் இன்னும் சரி; எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

ஊசிகளின் பலன் குறித்த சான்றுகளும் ஒருமுகமாக இல்லை. முதுகெலும்புக் கால்வாய் குறுகிய 400 பேரிடம் நடந்து 2014இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, எபிடூரலில் ஸ்டீராய்டு சேர்த்ததால் ஆறு வாரத்தில் சொல்லத்தக்க கூடுதல் பலன் இல்லை என்றது. அதன் முதல் ஆசிரியரான ஜன்னா ஃப்ரீட்லி ஒரு மறுவாழ்வு மருத்துவர். நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான மிண்ட் ஆய்வுகளும், உடற்பயிற்சியோடு ரேடியோ அலைப் பொசுக்கலைச் சேர்த்ததால் பெரிய வேறுபாடு காணவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறை தளர்வானது என்று செய்முறையாளர்கள் அதை மறுத்தார்கள். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. 2025இல் பி.எம்.ஜே. இதழில் வந்த வழிகாட்டுதல் ஒன்று நாட்பட்ட முதுகெலும்பு வலிக்கு இத்தகைய ஊசிகள் வேண்டாம் என்றே கூறியது. வலி மருத்துவச் சங்கங்கள் அதையும் எதிர்த்தன. புதிதாகப் பிதுங்கிய வட்டால் காலில் இறங்கும் வலிக்கு ஊசி கொடுக்கும் சில வார நிவாரணத்துக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. ஆண்டுக்கணக்கான பொதுவான முதுகுவலிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து இந்த வழியில் போக விரும்பும் மருத்துவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எம்.டி. மறுவாழ்வு மருத்துவம் முடித்திருந்தாலும் அமெரிக்கச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் ரெசிடென்சியை அங்கே மறுபடி செய்ய வேண்டும். அதற்கு முன் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளும் இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றும் வேண்டும். ஜே-1 விசாவில் பயிற்சி பெறுபவர் முடிவில் இரண்டாண்டுக்குத் தாய்நாடு திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்றாண்டு பணியாற்ற ஒப்புக்கொண்டு விலக்குப் பெற வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 என்ற வரம்புள்ள அந்த விலக்குகளில் சில மாநிலங்கள் அடிப்படை மருத்துவர்களுக்கே முன்னுரிமை தருகின்றன. வலி நிபுணருக்கு அது கூடுதல் தடை. நான்காம் ஆண்டோடு நின்று பொது மறுவாழ்வு மருத்துவராகப் போனால் இடம் கிடைப்பது எளிதாக இருக்கலாம் என்பதை முன்கூட்டியே எடைபோட வேண்டும்.

புற்றுநோய் வலி, முகவலி, இடுப்புக்குழி வலி, தண்டுவடத் தூண்டல், பம்ப் ஆகியவற்றையும் பார்க்கும் முழு வலி மருத்துவராக விரும்புபவர் ஏ.சி.ஜி.எம்.இ. ஃபெலோஷிப்புக்கே போக வேண்டும். அதிலும், புற்றுநோய்ப் பிரிவும் உளவியலாளரும் உள்ள பெரிய மருத்துவமனையைத் தேர்வது நல்லது. எத்தனை ஊசி போடலாம் என்ற எண்ணிக்கை இரண்டாம் கேள்வி. முதுகும் மூட்டும் மட்டுமே தம் நாளை நிரப்பும் என்று தெரிந்தவர் முதுகெலும்புப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். சான்றிதழுக்காக மட்டும் ஓர் ஆண்டைச் செலவிட அவருக்கு வலுவான காரணம் இல்லை.